களைத்த உடலுக்கு உடற்பயிற்சி எப்படித் தெம்பு தருகிறது?

எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று சொல்பவருக்கு, ரத்தப் பரிசோதனைகளில் குறையொன்றும் தென்படாதபோது, மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லும் அறிவுரை தினமும் நடக்க வேண்டும் என்பதே. இருக்கும் கொஞ்சத் தெம்பையும் நடையில் செலவழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்பவருக்குத் தோன்றுவது இயல்பு. செய்திகளும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. இந்தியாவின் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பின்றி வாழ்கிறார்கள் என்றும், 2000-இல் இந்த அளவு 22 சதவீதமாக மட்டுமே இருந்தது என்றும் 2024 ஜூனில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கீடு கூறியது. மறுபுறம், 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில், உடற்பயிற்சி செய்த அன்றே மாரடைப்பால் இறந்தது முதல், உடற்பயிற்சிக் கூடமே ஆபத்து என்னும் பேச்சு ஓயவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே புரிந்துகொள்ள வேண்டுமானால், களைப்பு என்பது உண்மையில் எதனுடைய குறைவு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

களைப்பு எதன் குறைவு?

களைப்பு என்பது உடலில் சேமித்துள்ள ஆற்றல் தீர்ந்துபோவதால் வருவதன்று. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 15 கிலோ கொழுப்பு இருந்தால், அதில் மட்டும் ஒரு லட்சம் கிலோகலோரிக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. பல வாரங்கள் உயிர்வாழ அது போதும். அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறார் என்றால், தட்டுப்பாடு சேமிப்பில் இல்லை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பியிருந்தும் குழாய் குறுகலாக இருந்தால் கீழே தண்ணீர் நூலாகத்தான் வரும். களைப்பின் கதையும் பெரும்பாலும் இதுதான்: ஆற்றல் இருக்கிறது, தேவையான வேகத்தில் வந்து சேர்வதில்லை.

ஆற்றல் இப்படி வந்து சேரும் விதத்தைப் புரிந்துகொள்ள நான்கு சொற்கள் தேவைப்படும்.

1. ஏ.டி.பி.: தசை சுருங்குவதற்கு நேரடியாகப் பயன்படும் வேதிப்பொருள். இதன் கையிருப்பு மிகச் சிறியது. கடும் வேலையில் சில நொடிகளுக்கே தாங்கும். ஆகவே உடல் இதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.
2. மைட்டோகாண்ட்ரியா: உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகள். கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனின் துணையோடு எரித்து, ஏ.டி.பி.யின் பெரும்பகுதியைத் தயாரிப்பவை இவைதாம்.
3. உச்ச ஆக்சிஜன் பயன்பாடு: முழு முயற்சியின்போது ஒருவரின் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அதிகபட்ச அளவு. நுரையீரல், இதயம், ரத்தம், தசை ஆகிய நான்கும் சேர்ந்து செய்யும் வேலைக்கான ஒற்றை மதிப்பெண் என்று இதைக் கொள்ளலாம்.
4. மெட்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். நிதானமான வேகத்தில் நடக்க மூன்று முதல் மூன்றரை மெட் வரை தேவைப்படும்.

ஒரே வேலை, இருவேறு களைப்பு

ஒருவரின் உச்ச வரம்பு, அதாவது அவருடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு மெட் கணக்கில், 6 மெட் என்றும், இன்னொருவருடையது 10 மெட் என்றும் வைத்துக்கொள்வோம். இருவரும் பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரே வேகத்தில், 3.5 மெட் அளவில், நடந்து செல்கிறார்கள். செலவான ஆற்றல் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதலாமவர் தம் உச்ச வரம்பில் 58 சதவீதத்தைப் பயன்படுத்திவிட்டார்; இரண்டாமவருக்கு அது 35 சதவீதம் மட்டுமே.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனென்றால், பயிற்சியற்றவர்களின் உடலில், உச்ச வரம்பின் பாதியைச் சற்றுத் தாண்டும்போதே லாக்டேட் என்னும் பொருள் ரத்தத்தில் கூடத் தொடங்குகிறது; மூச்சு வேகமாகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, வேலை கடினமாகப் படுகிறது. எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்யும் வேலை, ஒருவருடைய உச்ச வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது தொழில்சார் உடலியலில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு. வரம்பு தாழ்ந்திருப்பவருக்குச் சமையல், கடைக்குப் போய் வருதல், படியேறுதல், குழந்தையைத் தூக்குதல் என அன்றாட வேலைகள் ஒவ்வொன்றும் அந்த மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி விழுகின்றன. மாலையில் அவர் உணரும் அசதி சோம்பேறித்தனமன்று. நாள் முழுவதும் தம் கொள்ளளவின் விளிம்பில் வேலை செய்ததன் விளைவு.

உடற்பயிற்சி தெம்பு தருகிறது என்று சொல்வதன் சரியான பொருள் இங்கே இருக்கிறது. அது சேமிப்பில் எதையும் கூட்டுவதில்லை. உச்ச வரம்பை உயர்த்துகிறது. வேலைகள் மாறுவதில்லை, அவை கேட்கும் பங்கு குறைகிறது. சத்துபானங்களும் காபியும் செய்ய முடியாதது இதைத்தான். காபி களைப்பின் உணர்வைச் சில மணி நேரம் மறைக்கும், வரம்பைத் தொடாது.

டல்லாஸில் மூன்று வாரப் படுக்கை

அசையாமலிருப்பது இந்த வரம்பை எவ்வளவு விரைவாகத் தாழ்த்தும் என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் சுட்டிக்காட்டும் ஆய்வு, 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. இருபது வயதையொட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டார்கள். அந்த மூன்று வார முடிவில் அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. பின்னர் எட்டு வாரங்கள் கடுமையாகப் பயிற்சி கொடுத்தபோது, இழந்தது திரும்பியதோடு பழைய அளவையும் தாண்டியது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும், அவர்களுக்கு ஐம்பது வயதானபோது, மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எடை கூடியிருந்தது, உடற்கொழுப்பு ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. ஆனாலும் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டில் ஏற்பட்டிருந்த சரிவு பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டியதுதான். முப்பது ஆண்டு முதுமையைவிட மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது என்பதே இதன் பொருள். ஆறு மாத காலம் படிப்படியாகக் கூட்டப்பட்ட மிதமான பயிற்சிக்குப் பின், அவர்கள் தங்கள் இருபது வயதின் தொடக்க அளவுக்குத் திரும்பினார்கள். ஐந்தே பேரைக் கொண்ட ஆய்வு என்பதால் துல்லியமான விழுக்காடுகளை எல்லோருக்கும் பொருத்த இயலாது. எனினும் அது காட்டிய திசையை அதன் பின் வந்த ஆய்வுகள் மறுக்கவில்லை. வயதாகிவிட்டது, அதனால்தான் முடியவில்லை என்று நாம் சொல்லிக்கொள்வதில் கணிசமான பகுதி வயதால் வந்ததன்று.

உடலுக்குள் நிகழும் மாற்றங்கள், அவற்றின் கால வரிசை

பயிற்சியைத் தொடங்கிய பலர் இரண்டாவது வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம், எந்த மாற்றம் எப்போது வரும் என்று தெரியாததுதான் என நினைக்கிறேன். முதல் சில நாட்களில் கூடுதல் களைப்பும் தசைவலியும் வருவது உண்மை. அதற்குப் பின்:

1. முதல் இரு வாரங்களுக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. அதே வேலைக்குக் குறைந்த துடிப்புகள் போதுமாகின்றன.
2. சில வாரங்களில் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. அமெரிக்க அறிவியலாளர் ஜான் ஹாலோசி 1967-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. மனிதர்களிடமும் இதே வகையான மாற்றம் நிகழ்கிறது. மைட்டோகாண்ட்ரியா கூடும்போது தசை கொழுப்பை அதிகம் எரித்து, சேமித்துள்ள சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிடுகிறது.
3. தசையைச் சுற்றியுள்ள தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், மாதக் கணக்கில் மெல்லப் பெருகுகின்றன.
4. பளு தூக்கும் பயிற்சியில் முதலில் கூடும் வலிமை, தசை பருப்பதால் வருவதன்று. நரம்புகள் தசை நார்களை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையின் பருமன் அதற்குப் பின்னரே கூடுகிறது.

இவையெல்லாம் நிறுத்தினால் திரும்பிப் போகும் மாற்றங்கள். ஓரிரு வாரங்களிலேயே பிளாஸ்மாவின் அளவு குறையத் தொடங்கிவிடும்.

இவற்றுக்கு வெளியேயும் ஒரு விளைவு உண்டு. தொடர்ந்து அசதியை உணர்ந்த, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 36 இளைஞர்களைக் கொண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை, இருபது நிமிடம் வீதம், ஆறு வாரங்கள் மிதிவண்டிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. தெம்பு உணர்வு சுமார் 20 சதவீதம் உயர்ந்தது. மிதமான தீவிரத்தில் பயிற்சி செய்தவர்களிடம் களைப்பு 49 சதவீதமும், மிக இலகுவாகச் செய்தவர்களிடம் 65 சதவீதமும் குறைந்தது. இலகுவான பயிற்சியே களைப்பை அதிகம் குறைத்தது கவனிக்கத்தக்கது. மேலும், இந்த உணர்வு மாற்றம் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு உயர்வதை ஒட்டி நிகழவில்லை. ஆகவே இதயமும் தசையும் மட்டுமல்லாமல், மூளையின் வேதியியலும் இதில் பங்கு கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆய்வு சிறியது; ஆனாலும் களைத்தவர் கடும் பயிற்சியில் இறங்கத் தேவையில்லை என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

தசை, சர்க்கரை, சென்னை ஆய்வு

நீண்டகால நலத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்கு முதலில் பேசவேண்டிய பொருள் நீரிழிவு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதில் எலும்புத் தசைகளின் பங்கு மிகப் பெரியது. சாதாரணமாக இதற்கு இன்சுலின் வேண்டும். இன்சுலின் ஆணையிட்டால்தான், தசையணுவின் உள்ளே ஒதுங்கியிருக்கும் குளுட்-4 என்னும் கடத்திப் புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே அழைக்கும். இன்சுலின் எதிர்ப்பு என்பது இந்த ஆணைக்குத் தசை சரிவரச் செவிசாய்க்காத நிலை. தசை சுருங்கி விரியும்போதோ, இன்சுலினின் ஆணை இல்லாமலேயே, வேறொரு வழியில் அந்தப் புரதம் மேலே வந்துவிடுகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று படுக்கையைத் தேடும் வழக்கத்துக்கு மாறாக, சோறுண்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தால் சர்க்கரையின் ஏற்றம் தணிவதற்குக் காரணம் இதுவே.

ஒரு முறை செய்த பயிற்சியால் கூடும் இன்சுலின் உணர்திறன் ஓரிரு நாட்களுக்கே நீடிக்கும். எனவேதான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பதைவிட, தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாமல் நடப்பதை நீரிழிவு மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே வலுவான சான்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டு காலத்தில் நீரிழிவு வந்தது. உணவு மாற்றத்தையும் தினசரி நடையையும் தொடர் அறிவுரையோடு கடைப்பிடித்த குழுவில் அது சுமார் 39 சதவீதமாக இருந்தது. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை மட்டும் பெற்ற குழுவிலும் ஏறத்தாழ அதே அளவுதான்; இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. பங்கேற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனாலும் நோய் தவிர்க்கப்பட்டது அல்லது தள்ளிப்போனது. மூன்று மாதம் நடந்தும் எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று பயிற்சியை விடுபவர்கள், முள் காட்டாத இடத்தில் மாற்றம் நிகழ்ந்திருப்பதை அறிவதில்லை. எடையைக் குறைக்க உணவுதான் முதன்மையான வழி. உடற்பயிற்சியின் பயனை எடையை வைத்து அளப்பது தவறான அளவுகோல்.

பேருந்து நடத்துநரின் இதயம்

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் பெரிய அளவில் காட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களையும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டு அவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் உடனடி மரணம் குறைவாக இருந்தது.

உடனே எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பருத்த உடலுடையவர்கள் ஓட்டுநர் வேலையையும், மெலிந்தவர்கள் நடத்துநர் வேலையையும் முதலிலேயே தேர்ந்துகொண்டிருந்தால்? மோரிஸே இந்த ஐயத்தை எடுத்துக்கொண்டு, பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவை ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை பெரியதாகத்தான் இருந்தது. ஆகவே வேறுபாட்டின் ஒரு பகுதிக்குத் தேர்வும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் உடல் பருமன், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற முடிவுக்கே வந்தன. பயிற்சியின்போது ரத்த ஓட்டம் விரைவதால் ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, குழாய் தளர்கிறது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 மி.மீ. வரை இறங்குகிறது. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களின் வாய்ப்பு குறைவதும், எலும்பு அடர்த்தி காக்கப்படுவதும், மனச்சோர்வு தணிவதும் இதே பட்டியலில் சேரும்.

எவ்வளவு வேண்டும்? வீட்டு வேலை கணக்கில் சேருமா?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உடலுழைப்பு, இவற்றோடு வாரம் இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் என்ற இலக்கு 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஓர் அடிமானியோடு பரவியது, ஆய்விலிருந்து பிறந்ததன்று. சராசரி 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களிடையே நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடியை ஒட்டி அந்தப் பலன் சமநிலைக்கு வந்தது. முற்றிலும் அசையாதவர் கொஞ்சம் அசையும்போது கிடைக்கும் பயனே மிகப் பெரியது.

நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள், இது போதாதா என்று கேட்பது நியாயமே. வீட்டு வேலையும் உடலுழைப்புதான். தரையைக் குனிந்து துடைப்பதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது போன்ற வேலை, காலை வலிக்கச் செய்யுமே தவிர, இதயத் துடிப்பைப் போதிய அளவு உயர்த்துவதில்லை. ஓய்வு கொடுக்காத, நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ள முடியாத வேலையின் பலன், விருப்பத்தோடு செய்யும் பயிற்சியின் பலனுக்கு ஈடாவதில்லை என்பதைத் தொழிலாளர்களிடையே நடந்த ஐரோப்பிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. அந்த 2024 கணக்கீட்டில் இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 42 சதவீதத்தினரும் போதிய உழைப்பில்லாதவர்கள் எனக் கண்டது, பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகாது. அவர்களுக்கென்று அரை மணி நேரமும், பயமின்றி நடக்க ஒரு தெருவும் இல்லை என்பதையே அதில் நான் காண்கிறேன்.

உடற்பயிற்சியே மாரடைப்பைத் தருமா?

கடும் உழைப்பு நடக்கும் வேளையிலும் அதை ஒட்டிய ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வாய்ப்பு தற்காலிகமாக உயர்வது உண்மை. மாரடைப்பால் பாதிக்கப்பட்ட 1,228 பேரை ஆராய்ந்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இந்த உயர்வைச் சராசரியாகச் சுமார் 6 மடங்கு என்று கணித்தது. அந்தச் சராசரிக்குள் மறைந்திருந்த வேறுபாடுதான் முக்கியமானது: வாரம் ஒரு முறைகூடக் கடும் உழைப்பில் ஈடுபடாதவர்களுக்கு அது 107 மடங்கு; வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ ஈடுபடுபவர்களுக்கு 2.4 மடங்கு. எந்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வருவதற்கான அடிப்படை வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால், அதன் மடங்குகளும் தனியொருவருக்குச் சிறியவையே. ஆபத்து பழக்கமற்ற உடலைத் திடீரென்று விரட்டுவதில் இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர், புகைப்பவர், நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர் ஆகியோர் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காண்பதும், பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்துவதும் இதனால்தான். நடைக்கு இந்தத் தயக்கம் பெரும்பாலும் தேவையில்லை.

எந்தக் களைப்புக்கு நடை மருந்தாகாது?

15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறைந்துவிடும். அப்போது உச்ச வரம்பைத் தாழ்த்தியிருப்பது பயிற்சியின்மை மட்டுமன்று. அந்த நிலையில் இரும்புச்சத்து தராமல் நடக்கச் சொல்வது பயனற்றது. தைராய்டு சுரப்புக் குறைவு, கண்டறியப்படாத நீரிழிவு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே பல வாரங்களாகத் தொடரும் அசதிக்கு முதலில் செய்யவேண்டியது எளிய ரத்தப் பரிசோதனை.

இவற்றினின்று வேறான ஒரு நோயும் உண்டு. நாட்பட்ட களைப்பு நோயில், சிறு உழைப்புக்குப் பின்னும், ஒரு நாள் கழித்துக்கூட, நோயாளியின் நிலை நாட்கணக்கில் மோசமாகும். கோவிட் தொற்றுக்குப் பின் சிலரிடம் காணப்படும் நீடித்த களைப்பிலும் இதே இயல்பு தென்படுவதுண்டு. பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்நோய்க்குப் பரிந்துரைத்துவந்த பிரிட்டனின் தேசிய வழிகாட்டு அமைப்பு, 2021-இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. நடந்த மறுநாள் தெம்பு கூடாமல் படுக்கையிலிருந்து எழவே முடியாமல் போகிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவரிடம் இன்னும் கொஞ்சம் முயன்று பாருங்கள் என்று சொல்லக்கூடாது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.